கோப்பின் மேல் அமர்ந்த இளைய கன்னி

மாம்பூண்டிப்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தை வாசல் முதல் பிரசவ அறை வரை நாள்தோறும் பெருக்கித் துடைப்பவர் பூங்காவனத்தம்மையார். இருளர் குலத்தில் பிறந்தவர். ஏரிக்கரையில் இருக்கும் பதினோரு குடிசைகளில் ஒன்று அவருடையது. விடிந்ததும் குளித்துவிட்டு, இடுப்பில் செருகிய சுருக்குப் பையிலிருந்து விளாங்காய் அளவுள்ள ஒரு கருங்கல்லை எடுப்பார். மஞ்சள் பூசுவார், குங்குமம் வைப்பார், ஒரு பூவைக் கிள்ளிச் சூட்டுவார். அதுதான் அவருடைய கன்னியம்மன். அவளுக்குப் பூ வைத்த பிறகே துடைப்பத்தைத் தொடுவார்.

அம்மையார் பிறந்த வீட்டில் கன்னிமார் எழுவரும் ஒன்றாகவே இருந்தார்கள். அண்ணன்மார் அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் பிரிந்து போனபோது கன்னிமாரையும் பிரித்துக்கொண்டார்கள். கடைக்குட்டியான அம்மையாருக்குக் கிடைத்தவள் இளைய கன்னி. இளையவள் என்றால் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி இருக்கத்தானே செய்யும்? கூரை ஒழுகினாலும் கோழி காணாமல் போனாலும் அம்மையார் அவளைத்தான் திட்டுவார். கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தபோது மூன்று நாள் அவளோடு பேசவே இல்லை. ஆனால் அந்த மூன்று நாளும் பூ வைக்கத் தவறவில்லை.

அவருடைய மகள் செவ்வந்தி அந்த ஏரிக்கரையிலேயே முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள். செவிலியர் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் குறை. பழங்குடியினர் என்ற சாதிச் சான்றிதழை வெள்ளிக்கிழமை மாலைக்குள் கல்லூரியில் சேர்க்க வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

சான்றிதழ் வழங்கும் கோட்டாட்சியர் அலுவலகத்தில், எழுத்தர் தண்டபாணியின் மேசையைத் தாண்டாமல் எந்தக் காகிதமும் உள்ளே போகாது. அம்மையார் முதல் முறை போனபோதே அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டார்.

“ஏய், இருளர்னா பாம்பு புடிக்கணுமே. எங்க, ஒண்ணு புடிச்சுக் காட்டு பாப்போம்.”

“எனக்குப் பாம்புன்னா பயம் சாமி.”

“அப்ப நீ இருளரே இல்ல!”

சுற்றியிருந்த மேசைகளில் சிரிப்பு எழுந்தது. அம்மையாரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

“எங்க ஊட்டுக்காரரு புடிப்பாரு சாமி, அவரு பூட்டாரு. எலின்னா நான் புடிச்சுத் தரேன். தோ, உங்க பீரோ பின்னாடியே நாலு இருக்குது.”

சிரிப்பு நின்றது. தண்டபாணி கால்களைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார்.

அந்த அறையின் மின்விசிறி பொல்லாதது. அம்மையாரின் முதல் விண்ணப்பத்தை அது பீரோவுக்குப் பின்னால் அனுப்பியது. மேற்சொன்ன நால்வரும் அதைத் தின்று தீர்த்தார்கள். இரண்டாவது விண்ணப்பம் ஜன்னல் வழியே பறந்து எதிர்க்கடையில் வடை மடிக்கப் பயன்பட்டது. மூன்றாவது போன இடம் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும், “காணோம், வேற எழுதிக் குடு,” என்பார் தண்டபாணி. அம்மையாரும் கிராம நிர்வாக அலுவலர் முதல் வட்டாட்சியர் வரை மறுபடியும் நடந்து அறிக்கை வாங்கி வருவார்.

நான்காம் முறை, திங்கட்கிழமை, கோப்போடு செவ்வந்தியின் அசல் மதிப்பெண் பட்டியலும் இருந்தது. இது பறந்தால் எல்லாம் போயிற்று. அம்மையார் மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தண்டபாணி தேநீர் குடிக்கப் போயிருந்தார். அம்மையார் சுருக்குப் பையை அவிழ்த்து, கன்னியம்மனைக் கோப்பின் மேல் அமர்த்தி, பொட்டு வைத்துப் பூவும் சூட்டினார்.

“பாத்துக்கடி. காத்துல பறக்க உடாத,” என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். அவள் திரும்பி வரும்வரை, விடிந்ததும் அலுவலகம் இருக்கும் திசை பார்த்து ஒரு பூவை வைத்துவிட்டே துடைப்பத்தைத் தொட்டார்.

கன்னி நன்றாகவே பார்த்துக்கொண்டாள். வியாழக்கிழமை அம்மையாரும் செவ்வந்தியும் போய்ப் பார்த்தபோது கோப்பு அசையாமல் அங்கேயே இருந்தது. மஞ்சள் குங்குமத்தோடு இருந்த கல்லைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை. பட்டா கேட்டு வந்தவர்கள் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். யாரோ எலுமிச்சம்பழ மாலையே போட்டிருந்தார்கள். மேசையை இழந்த தண்டபாணி வாசலருகே ஒரு ஸ்டூலில் அமர்ந்து, மடியில் வேறு கோப்புகளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டியா! மொதல்ல உன் சாமிய எடு,” என்றார்.

அப்போதுதான் அம்மையாருக்குத் தாம் செய்த பிழை உறைத்தது.

“ஐயோ சாமி! கையில வச்சுக் கும்புட்டா பரவால்ல, ஒரு எடத்துல உக்கார வச்சுட்டா வச்சவளே எழுப்பக் கூடாதே. கண்ணாலம் ஆவாத பொண்ணுங்க ஏழு பேரு சுத்தி வந்து பாடுனாத்தான் அவ எழுந்திருப்பா. அவசரத்துல மறந்துட்டேன்.”

“நான் எடுத்தா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆவாது, கோவிச்சுக்குவா. போன வாட்டி எங்க மாமன் எடுத்துட்டாரு. ஆறு மாசம் விக்கல் நிக்கல.”

நீட்டிய கையைத் தண்டபாணி சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

செவ்வந்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. “நாளைக்குத்தாம்மா கடைசி நாள். நீயே எடுத்துடும்மா. சாமி மன்னிச்சுக்கும்.”

“நான் சொன்னேன்னு நம்பி உக்காந்தவ அவ. நம்ம காரியம் ஆவணும்னு புடிச்சு இழுக்கறதா? ஏழு பேரு கெடைப்பாங்க, வா.”

ஏரிக்கரையில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் அடுத்த ஆண்டே கல்யாணம். வீடு வீடாகப் போய்த் தேடியும் செவ்வந்தியோடு சேர்த்து ஆறு பேர்தான் தேறினார்கள். ஒருத்திக்கு முன்பல் விழுந்து பாட்டு காற்றாகத்தான் வந்தது. ஏழாமவள் இல்லை. “அவளே பாத்துப்பா,” என்று சொல்லி, வெள்ளிக்கிழமை காலை அந்த ஆறு பேரையும் அழைத்துக்கொண்டு அம்மையார் அலுவலகம் போய்ச் சேர்ந்தார்.

சத்தம் கேட்டுக் கோட்டாட்சியர் அம்மா தம் அறையிலிருந்து வெளியே வந்தார். முப்பது வயதிருக்கும், பொறுப்பேற்று ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தண்டபாணி வியர்க்க வியர்க்க நடந்ததைச் சொல்லி முடித்தார். அம்மையார் கோட்டாட்சியரின் கழுத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். கைகூப்பி மெல்லக் கேட்டார்.

“அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா?”

தண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார்.

“எங்க வீட்லயும் தினம் இதைத்தான் கேக்குறாங்க,” என்றார் கோட்டாட்சியர். “இன்னும் ஆகலை.”

“ரொம்ப நல்லதாப் போச்சும்மா!”

கோட்டாட்சியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பதிலுக்கு இப்படி ஒரு வாழ்த்தை அவர் இதுவரை கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பல் விழுந்த சிறுமிக்குப் பின்னால் ஏழாவதாக நின்றார்.

எழுவரும் கைதட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்கள்.

“எழுந்து வாடி எங்க தங்கச்சி,
ஏரித் தண்ணி அலையடிக்குது,
எங்க கூட நடந்து வாடி,
ஈச்சம் பழம் பழுத்திருக்குது.”

மூன்றாம் சுற்றில் ஸ்டூல் கவிழும் சத்தம் கேட்டது. எழுந்து நின்ற தண்டபாணியின் தலை சுழன்றது. கண்ணாடி ஒரு பக்கம் போய் விழுந்தது.

“ஏன்டி பூங்காவனம்!” என்றார். அம்மையாரின் பெயரை அவர் அதுவரை ஒரு முறையும் சொன்னதில்லை. “எதுக்குடி என்ன எழுப்புன? காத்து சொகமா வந்துட்டு இருந்துச்சு!”

வந்திருப்பவள் யார் என்று அம்மையாருக்கு உடனே தெரிந்துவிட்டது. கைகூப்பிக் கும்பிட்டார். ஆனால் வாய் பழைய வழக்கத்தை விடவில்லை.

“உனக்குக் காத்து வேணும்னா எம் பொண்ணு படிப்பு என்னாடி ஆவுறது?”

தண்டபாணியின் வாயிலிருந்து ஒரு சிறுமியின் சிரிப்பு வந்தது. பிறகு குரல் தழைந்தது.

“புருசன் போன அன்னிக்கும் எனக்குப் பூ வச்சவடி நீ. உன்ன யாருன்னு இவங்க கேக்குறாங்களா? நான் சொல்றேன். இவ எம் பொண்ணு. இவ பெத்ததும் எம் பொண்ணு. எழுதிக் குடுங்க!”

சொல்லி முடித்ததும் தண்டபாணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மையார் கல்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடியில் இருந்த கோப்பைக் கோட்டாட்சியர் எடுத்து நின்றபடியே படித்தார். விசாரணைப் படிவத்தில் வழிபாட்டு முறை என்ற இடத்தில், “நேரில் கண்டேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாமும் சேர்ந்து பாடியதை மட்டும் எழுதவில்லை.

“என்னாச்சு? எதுக்கு எல்லாரும் என்னைக் கும்பிடுறீங்க?” என்று கேட்டபடி எழுந்த தண்டபாணிதான் முத்திரை குத்தினார். தம் ஸ்கூட்டரின் பின்னால் செவ்வந்தியை ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனவரும் அவரே. நாலு மணிக்குக் கதவு சாத்துமுன் சான்றிதழ் உள்ளே போய்ச் சேர்ந்தது.

தெய்வமே வாய் திறந்து ‘இவள் என் பெண்’ என்று சொல்லும்படி வாழ்ந்தவர் பூங்காவனத்தம்மையார். அதற்கு மேல் ஒரு சான்றிதழை எந்த அலுவலகமும் தரப் போவதில்லை. அவர் அன்பு வாழ்க.