மூன்று மாண்டரின்

சீனர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பினாங்குப் பள்ளியொன்றில் துரைக்கண்ணு வாத்தியார் வைத்ததுதான் சட்டம். ஆரஞ்சுச் சுளையை மென்றபடியே அவர் கடைசி பெஞ்சு மாணவி லியூ யான் என்பவளை எழுப்பினார்.

"மாண்டரின்ங்கிற சொல் எங்கிருந்து வந்தது? அதோட மூணு அர்த்தமும் ஒரே வாக்கியத்துல வரணும். இல்லேன்னா பரீட்சைப் பக்கமே வராதே!"

"இந்தியாவிலேர்ந்து கிளம்பின மந்திரிங்கிற சொல்தான் சார், மலாய்க்காரங்க, போர்ச்சுக்கீசியர் வாயில புகுந்து மாண்டரின் ஆச்சு. அதிகாரம் பண்ற பெரிய ஆபீசர், இந்த ஆரஞ்சு, எங்க சீன மொழி, மூணுக்கும் அதே பேர்."

"வாக்கியம் எங்கே?"

லியூ யான் பணிவாகக் குனிந்தாள்.

"மாண்டரின் ஒருத்தர் மாண்டரின் தின்னுகிட்டே மாண்டரின் பேசறவளை மிரட்டுறார், சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. துரைக்கண்ணு வாக்கியத்தில் பிழை தேடினார். ஆரஞ்சு விதைதான் தொண்டையில் சிக்கியது.