ரம்பத்துக்குப் பல் வளைத்த நண்டு

வெள்ளைப்பாண்டி இந்தக் கதையை ரொம்ப வருடங்களாக நம்பவில்லை. ஒன்றரை ஏக்கரில் வேம்பும் தேக்கும் வளர்த்து, பட்டுப்போனதையும் காற்றில் விழுந்ததையும் தானே அறுத்துப் பலகை போடுகிறவர் அவர். ரம்பம் மரத்துக்குள் இறுக ஆரம்பித்தால் மைத்துனன் சங்கிலியிடம் எடுத்துப் போவார். சங்கிலி அதை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிறுத்தி, ஒரு பல்லை இடது பக்கம், அடுத்த பல்லை வலது பக்கம் என்று இடுக்கியால் வளைத்துக்கொண்டே கதையைச் சொல்வார்.

"வெட்டு அகலமா விழணும்னு வளைக்கிறோம். இதுல நண்டு எங்கேருந்து வந்துச்சு மாப்ளே?" என்று வெள்ளைப்பாண்டி கேட்பார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நண்டு மனதை விட்டுப் போகாது. நம்பாத ஒன்றை எதற்கு இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தன்னையே நொந்துகொள்வார். சங்கிலி சொல்கிற கதை இதுதான்.

இரும்புக்கும் மரத்துக்கும் நண்டுக்கும் வாய் இருந்த காலம் அது. அப்போது ரம்பத்தின் பற்கள் எல்லாம் ஒரே கோட்டில், ஒன்றின் பின்னால் ஒன்றாக நேரே நின்றன. நண்டின் இரண்டு கொடுக்குகளும் ஒரே அளவாக இருந்தன.

மலையடிவாரத்தில் ஒரு குளம். அதன் மடைக்கு நேர் கீழே இருந்த வயல், மரம் அறுக்கும் கூத்தனுடையது. கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் மடைப்பலகையில் விரிசல் விட்டுவிட்டது. கூத்தன் வைக்கோலையும் களிமண்ணையும் திணித்து வைத்தான். தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. மலைமேல் மேகம் கறுத்து நின்றது. சாயங்காலத்துக்குள் புதுப் பலகை இறங்காவிட்டால் வெள்ளம் மடையைப் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் போவது கூத்தன் வயல், அப்புறம் ஊர் வயல் அத்தனையும். மடை பிய்ந்தால் கரையும் நிற்காது.

கரையோரம் ஒரு மருதமரம் விழுந்து கிடந்தது. தண்ணீரில் கிடந்தாலும் உளுத்துப்போகாத மரம். கூத்தனும் மனைவி மாடத்தியும் அதை உருட்டி வந்து அறுப்புக்குழியின் மேல் ஏற்றினார்கள். கூத்தன் மேலே நின்றான். மாடத்தி குழிக்குள் நின்று ரம்பத்தின் மறுபிடியைப் பிடித்தாள். ஒரு முழம் அறுப்பதற்குள் ரம்பம் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"இழுட்டி!" என்றான் கூத்தன்.

"இழுக்கத்தான் செய்யுதேன். நீங்க மேல ஏறி நின்னு வேடிக்கையா பாக்கீங்க? கண்ணெல்லாம் மரத்தூளு!"

கூத்தன் ஆப்பு அடித்து வெட்டை விரித்து, ரம்பத்தை உருவினான். கூர் போதவில்லை என்று நினைத்து அரத்தால் ஒவ்வொரு பல்லையும் தீட்டினான். மறுபடி இறக்கினான். முன்னைவிடச் சீக்கிரம் மாட்டிக்கொண்டது.

"ஏன் மரமே என் ரம்பத்தைப் பிடிக்கிறாய்?" என்று கேட்டான்.

"நான் பிடிக்கவில்லை. ஈரத்தில் ஊறியிருக்கிறேன். நீ வெட்ட வெட்ட என் உடம்பு தானாகக் கூடிக்கொள்கிறது" என்றது மரம்.

"என்னைச் சொல்லாதே. விலா ரெண்டும் நெரிபடுகிறது" என்று ரம்பம் அழுதது.

கூத்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அப்போது கரையில் இருந்த ஒரு வளைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தது ஒரு நண்டு.

"என்ன சிரிப்பு?" என்று கூத்தன் சீறினான்.

"சிரிக்காம என்ன செய்ய? உன் ரம்பம் தன் உடம்பு அளவுக்கே வழி வெட்டுது. நானும் அப்படி வளை தோண்டினா உள்ளேயே கிடந்து சாக வேண்டியதுதான். உள்ள போறவனுக்கு உடம்பைவிட ஒரு சுற்று அகலமா வழி வேணும்."

மாடத்தி குழியிலிருந்து தலையை நீட்டினாள். "அது சொல்லுறது சரிதானே? பல்லைக் கொஞ்சம் வெளிப்பக்கமா வளைச்சா வெட்டு அகலமாகும்லா?"

"வளைக்கிறதுக்கு ஆயுதம் எங்கேட்டி? சுத்தியால் தட்டினா பல்லு தெறிச்சிரும்" என்றான் கூத்தன்.

மாடத்தியின் பார்வை நண்டின் கொடுக்குகள் மேல் போனது. நண்டுக்குப் புரிந்துவிட்டது.

"நல்லா இருக்கே! வருசா வருசம் என் வளைக்குள்ள கல்லைத் திணிக்கிறவன் உன் புருசன். என் மாமன் உன் குழம்புச் சட்டியிலதான் போனான். ருசியா இருந்தானா?"

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள். "இருந்தான்" என்றாள் மெல்ல. "பொய் சொல்ல மாட்டேன். ஆனா கரை போச்சுன்னா உனக்கும் வளை இல்ல, எங்களுக்கும் சோறு இல்ல. செய்யுறதும் விடுறதும் உன் இஷ்டம்."

நண்டு கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்தது. பிறகு பக்கவாட்டில் நடந்து வந்து ரம்பத்தின் மேல் ஏறியது. "எந்தப் பக்கமா வளைக்கணும்?"

"ரெண்டு பக்கமும் வளைக்கச் சொல்லுங்க" என்றாள் மாடத்தி.

கூத்தன் கேட்கவில்லை. பலகையின் முகத்தில் கீறல் விழக்கூடாது என்பது அவன் தொழில் கர்வம். மடைக்குள் சேற்றில் இறங்கப்போகிற பலகைதான், இருந்தாலும் அவனுக்கு மனம் வரவில்லை. "எல்லாத்தையும் கழிச்சுப் போடுற துண்டுப் பக்கமா வளை. பலகைப் பக்கம் வழவழன்னு இருக்கணும்" என்றான்.

நண்டு வலது கொடுக்கால் ஒவ்வொரு பல்லாகக் கவ்வி வளைத்தது. இரும்பு லேசில் மசியவில்லை. கடைசிப் பல் முடிந்தபோது அந்தக் கொடுக்கு வீங்கி, திறக்கவும் மூடவும் முடியாமல் நின்றுவிட்டது.

ரம்பம் மாட்டாமல் ஓடியது. கூத்தன் பாட்டெடுத்தான். ஆனால் பாதி மரம் போவதற்குள் குழியிலிருந்து சத்தம் வந்தது. "நிறுத்துங்க! கோடு எங்க இருக்கு, ரம்பம் எங்க போவுதுன்னு பாருங்க!"

வெட்டு நேராகப் போகவில்லை. பற்கள் சாய்ந்த பக்கமாகவே வளைந்து வளைந்து போய், மரத்தின் விளிம்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பலகை ஒரு முனையில் அளவாகவும் மறுமுனையில் மடைக்குள் இறங்காத கனமாகவும் ஆகிவிட்டது. மரத்தில் இன்னும் ஒரே ஒரு பலகைக்குத்தான் இடம் இருந்தது. மலையில் முதல் இடி இடித்தது.

கூத்தன் ரம்பத்தைக் கீழே வைத்தான். நண்டைப் பார்க்க அவனால் முடியவில்லை. தன் அவசரமும் கர்வமும் இன்னொருவர் கையில் வீக்கமாக நிற்பதை எப்படிப் பார்ப்பது?

நண்டே பேசியது. "ஒண்ணு விட்டு ஒண்ணா அந்தப் பக்கம் திருப்பணும். அவ்வளவுதானே?"

"வேண்டாம். வளைஞ்ச இரும்பைத் திருப்பி வளைக்கிறது ரொம்பக் கஷ்டம். உனக்கு ஒரு கைதான் பாக்கி இருக்கு" என்றான் கூத்தன்.

"அந்த ஒரு கைக்கு வேற என்ன வேலை?" என்று சொல்லி நண்டு இடது கொடுக்கால் பல்லைக் கவ்வியது.

கூத்தன் ரம்பம் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பற்கள் ஒவ்வொன்றாக மறுபக்கம் சாய்ந்தன. ரம்பம் தன் வலியை அடக்கிக்கொண்டு முனகாமல் கிடந்தது. பிடிக்குப் பக்கத்தில் இருந்த கடைசிப் பல்தான் எல்லாவற்றிலும் தடிமன். நண்டு அதைக் கவ்வி உடம்பையே சாய்த்து இழுத்தது. பல் வளைந்தது. கூடவே 'டக்' என்று ஒரு சத்தம். இடது கொடுக்கு ஒடிந்து மரத்தூளில் விழுந்தது.

மாடத்தி குழியிலிருந்து ஏறி ஓடி வந்தாள். "ஐயோ, என் சாமி!"

"அழுகிற நேரமா இது? போய் அறு" என்றது நண்டு.

அறுத்தார்கள். ஒரு பல் இந்தப் பக்கத்துச் சுவரையும் அடுத்த பல் அந்தப் பக்கத்துச் சுவரையும் சீவிக்கொண்டு போக, ரம்பம் நடுக்கோட்டை விட்டு இம்மி விலகவில்லை. மாட்டவும் இல்லை. "இப்போது வலி தெரியவில்லை. நல்லாப் போ" என்று மருதமரமே சொன்னது. பலகையின் இரு முகத்திலும் லேசான கீறல்கள் இருந்தன. கூத்தன் அவற்றின் மேல் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்தான். அவன் வாழ்நாளில் அறுத்த எந்த வழவழப்பான பலகையும் அவனுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

மழை இறங்கும்போது இருவரும் பலகையைத் தோளில் தூக்கி ஓடி மடையில் இறக்கினார்கள். வந்த வெள்ளம் பலகையில் முட்டி, திரும்பி, குளத்துக்குள்ளேயே அடங்கியது. கரையும் நின்றது, கதிரும் நின்றது.

கூத்தன் நனைந்தபடியே திரும்பி வந்து நண்டை இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தான். கடித்துவிடும் என்ற பயம் அவனுக்கு இல்லை. கடிக்க அதனிடம் எதுவும் இல்லை. கரையில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, மண் கெட்டியான இடமாகப் பார்த்துத் தன் கையாலேயே ஒரு வளை தோண்டினான். நண்டின் உடம்பைவிட ஒரு சுற்று அகலமாகத் தோண்டி, உள்ளே விட்டான். விழுந்து கும்பிட்டான். மாடத்தியும் கும்பிட்டாள்.

ஒடிந்த இடத்தில் புதுக் கொடுக்கு முளைத்தது. ஆனால் சிறியதாகவே முளைத்தது. வீங்கிய கொடுக்கு சரியானது. ஆனால் பெரியதாகவே நின்றுவிட்டது. அந்த நாள் தொட்டுத்தான் ரம்பத்தின் பல் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சாய்ந்திருக்கிறது, நண்டின் ஒரு கை பெரிதும் ஒரு கை சிறிதுமாக இருக்கிறது.

போன மாதம் சங்கிலி இதைச் சொல்லி முடித்து, வளைத்த பற்களின் மேல் கண்ணை ஓட்டி, ரம்பத்தை நீட்டினார். வெள்ளைப்பாண்டி வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"என்ன அத்தான், நின்னுட்டீங்க? திரும்பவும் சண்டையா?"

"சண்டை இல்ல மாப்ளே. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஒரு கை வீங்கிப்போச்சு. ஒரு கை ஒடிஞ்சுபோச்சு. புதுக் கை முளைக்கிற வரைக்கும் அதுக்கு யாரு சோறு ஊட்டினா?"