முகாரிக்குச் சிரித்த சபை

இனிமேல் பாடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, தில்லைநாயகம் தன் தம்புராவோடு பரிமளத்தம்மாள் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மாள் அவருடைய குரு. வயதில் அவரைவிடச் சிறியவர்.

தில்லைநாயகத்தின் ஒரே மகள் பிரசவத்தில் போய்விட்டாள். கருமாதி முடிந்த கையோடு சபாக்காரர்கள் அவரை மேடை ஏற்றியிருந்தார்கள். முன்பே ஒப்புக்கொண்ட கச்சேரியாம். ஈவிரக்கம் இல்லாதவர்கள்.

தம்புராவை அம்மாளின் முன்னால் கிடத்தினார்.

"நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வேண்டாம்."

"என்ன நடந்துது?"

"முகாரி பாடினேம்மா. துக்கத்துக்குன்னே இருக்கிற ராகம். என் வயித்தெரிச்சலை எல்லாம் கொட்டிப் பாடினேன். சபையே சிரிச்சுது."

"கேலியாவா?"

"இல்லை, சந்தோஷமா. ஸ்வரம் பாடி முடிச்சுப் பல்லவிக்கு வந்தேன். அத்தனை முகமும் மலர்ந்துது. 'பேஷ் பேஷ்'னு வேற சத்தம். அழுதிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். என் பொண்ணு செத்ததுல இவங்களுக்கு என்னம்மா சந்தோஷம்?"

அம்மாள் தொடையில் தாளம் போட்டபடி அதே பல்லவியைப் பாடத் தொடங்கினார்.

தில்லைநாயகம் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்தார்.

அம்மாள் பல்லவியை விட்டுவிட்டு ஸ்வரங்களுக்குள் போனார். தாளம் ஒரு பக்கம் நடந்தது. ஸ்வரங்கள் அதற்குக் குறுக்கே எங்கெங்கோ ஓடின. தில்லைநாயகத்தின் கையும் தன்னையறியாமல் தாளம் போட ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் அவருக்கே கணக்குப் பிடிபடவில்லை. அம்மாள் தவறிவிட்டார், இனி தாளத்தோடு சேராது என்றுதான் நினைத்தார். முதுகு நிமிர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

எடுக்க வேண்டிய இடத்தில், இம்மியும் பிசகாமல், பல்லவியின் முதல் சொல் வந்து உட்கார்ந்தது. இருவர் கையும் ஒன்றாகத் தொடையில் இறங்கின.

தில்லைநாயகம் சிரித்துவிட்டார்.

மறுகணமே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். உடம்பு குலுங்கியது.

"பாவி நான். பெத்த பொண்ணை வாரிக் கொடுத்துட்டு நானே சிரிக்கிறேனே!"

அவர் அழுது முடித்ததும் அம்மாள் கேட்டார்.

"எதுக்குச் சிரிச்சீங்க அண்ணே?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"எங்கேயோ போயிடுச்சு, இனிமே வராதுன்னு நினைச்சேன். வந்துடுச்சு."

"அன்னிக்குச் சபையில உட்கார்ந்திருந்தவங்க வீட்டிலயும், போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லைண்ணே."