விசிலடித்த நெஞ்சு

குழந்தைகளே, இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் கருமுகன் என்ற குரங்கு இருந்தது. வேடிக்கை காட்டுவதில் அதற்கு இணை கிடையாதாம். மற்றவர்கள் அப்படிச் சொன்னார்களோ இல்லையோ, கருமுகன் தினமும் சொல்லிக்கொள்ளும்.

அங்கே மின்னி என்ற கீரிக்குட்டியும் இருந்தது. அதற்கு இளைப்பு நோய். காற்றில் பூந்தூள் பறந்தால் மூச்சு வாங்கும்.

ஒரு நாள் தாய்க் கீரி இரை தேடக் கிளம்பியது. "அண்ணா, இவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு இழுத்தால் உடனே இதைக் கொடுத்துவிடுங்கள்" என்று, கரடி வைத்தியர் மூங்கில் குழாயில் அடைத்துத் தந்த மருந்தைக் கருமுகனிடம் நீட்டியது.

தாய் போன சற்று நேரத்தில் மின்னி இருமியது. "மாமா, நெஞ்சை அடைக்கிறது."

"அட, இதற்கெல்லாம் மருந்தா? மாமாவைப் பார்!"

கருமுகன் சேற்றில் வழுக்கிய யானையைப் போல நடந்து காட்டியது. கொட்டாவி விடும் முதலையைப் போல வாயைப் பிளந்தது. மின்னி விழுந்து விழுந்து சிரித்தது.

"இப்போது எப்படி இருக்கிறது?"

"ஒன்றுமே இல்லை, மாமா! இன்னொன்று காட்டுங்கள்!"

"பார்த்தாயா! கரடி வைத்தியர் இனித் தேன் எடுக்கப் போகலாம்!"

ஆட்டம் தொடர்ந்தது. மின்னியின் பேச்சு துண்டு துண்டாக வந்தது. பிறகு தலையை மட்டும் ஆட்டியது. 'என் வேடிக்கையில் பேசக்கூட மறந்துவிட்டாள்' என்று கருமுகனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது 'வீ... வீ...' என்று ஒரு விசில் கேட்டது.

"ஆகா! யாரோ ரசிகர்!" என்று கருமுகன் நாலா பக்கமும் திரும்பிக் கும்பிட்டது. எங்கும் ஒரு பறவைகூட இல்லை.

ஆட்டம் நின்றதும் மின்னியின் முகம் மாறியது. "மாமா... மூச்சு... விட முடியவில்லை..." அதன் விலாப்புறம் குழிந்து குழிந்து எழுந்தது. விசில் வந்தது அதன் நெஞ்சிலிருந்துதான்!

கருமுகன் மின்னியிடம் தாவி ஓடியது. "வைத்தியரே, ஓடி வாருங்கள்!" என்று அலறிக்கொண்டே குட்டியை நிமிர்த்தி உட்காரவைத்து மருந்தைப் புகட்டியது. கரடியும் ஓடி வந்து கூடவே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் மூச்சு சீரானது.

தாய்க் கீரி திரும்பியதும் கருமுகன் தலையைச் சொறிந்தது. "தங்கச்சி, என்னைப்போல் ஒரு வைத்தியன் உலகத்தில் கிடையாது. நோயை அப்படியே விட்டுவிட்டு, நோயாளிக்கு அது தெரியாமல் மட்டும் செய்துவிட்டேன். குழந்தை திணறியதைப் பாராட்டு என்று நினைத்துக் கும்பிடு வேறு போட்டேன்!"

தாய் சிரிக்கவில்லை. குட்டியை இறுக அணைத்துக்கொண்டது.

மறுநாள் மின்னி, "எனக்கு ஒன்றுமில்லை, மாமா. ஆடுங்கள்!" என்றது.

கருமுகன் முதலில் குனிந்து அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டது. பிறகுதான் ஆடியது.

நீதி: விளையாட்டு நோயை மறக்கவைக்கும், போக்கிவிடாது. 'ஒன்றுமில்லை' என்று குழந்தை சொன்னாலும் அதன் மூச்சைக் கவனிக்க வேண்டும்.