சத்தம் இருக்கு, படம் இல்லை

குரு என்றால் தாடி இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? தென்காசியில் இருந்த குருவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் ஜுலைகா. டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தாள். சீடர் தவசிமுத்துவோ பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தலை முழுக்க நரை. வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் தொழில் கற்க வந்துவிட்டார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"பழுதை எப்படி டீச்சர் பாத்த உடனே கண்டுபிடிக்கீங்க?" என்று அவர் கேட்காத நாள் கிடையாது. அவளும் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஒரு மதியம் ஆட்டோவில் ஒரு டிவி வந்து இறங்கியது. கூடவே கைத்தடியுடன் சுடலையாண்டி என்பவர் இறங்கினார். பார்வை இல்லாதவர். பெஞ்சைத் தடவி ஓரமாக உட்கார்ந்து, கையால் பெஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டார்.

ஜுலைகா உள்மேசையில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தாள். தவசிமுத்து பிளக்கைச் சொருகினார். செய்தி வாசிக்கும் குரல் கணீரென்று கேட்டது. திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது.

"சத்தம் நல்லா இருக்கே அய்யா. படம்தான் வரலை."

"ஆமா. அதைத்தான் சரிபண்ணணும்."

தவசிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனுஷன், அதுதான் வினை.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குச் சத்தம் போதும்லா? எதுக்கு வீண் செலவு? அப்படியே கொண்டுபோங்க."

சுடலையாண்டி தடியின் பிடியைத் தடவினார். "அப்படியா சொல்லுதீங்க," என்று எழுந்தார்.

ஜுலைகா வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"உக்காருங்க. வீட்ல டிவி பாக்குறது யாரு?"

"என் வீட்டுக்காரி. அவ பக்கத்துல இருந்து பாத்துப் பாத்துச் சொல்லுவா. இப்ப கதவைச் சாத்துதா, இப்ப முறைக்கான்னு. படம் போனதுலயிருந்து நாடகத்துக்கு எதிர்வீட்டுக்குப் போயிருதா. அவளைக் கொறை சொல்லலை. அவளுக்கும் பொழுது போகணும்லா. எனக்குத்தான் வீடு வெறிச்சுன்னு கிடக்கு. புதுசு வாங்க நமக்கு வசதியும் இல்லை."

தவசிமுத்து கூசிப்போனார். அந்த மனிதரால் பார்க்க முடியாது என்று தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜுலைகா கடை விளக்கை அணைத்து, டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்தாள். செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"படம் உள்ளேதான் இருக்கு. பின்னால வெளிச்சம்தான் இல்லை. பல்பு வரிசையில ஒண்ணு போயிருக்கும், அதுல எல்லாமே அணைஞ்சிருச்சு. வாங்க அண்ணாச்சி, திரைப் பேனலை நீங்க தூக்குங்க."

"நானா?"

"நீங்கதான். கண்ணாடி அப்பளம் மாதிரி. வளைச்சிட்டீங்கன்னா டிவியே போச்சு."

தவசிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். பச்சைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல, மேசைமேல் விரித்திருந்த மெத்தையில் கிடத்தினார். ஜுலைகா புது பல்பு வரிசையை மாட்டினாள். அவர் திரும்பத் தூக்கி வைத்தார். சட்டையெல்லாம் வேர்வை. சுவிட்சைப் போட்டதும் படம் பளிச்சென்று வந்தது. செய்தி முடிந்து நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்குன்னு சொல்லுங்க," என்றாள் ஜுலைகா.

"கலர் சரியா இருக்கு. கோடு இல்லை."

"என்கிட்ட இல்லை அண்ணாச்சி. அவர்கிட்ட."

தவசிமுத்து போய் சுடலையாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"பச்சைச் சேலை கட்டின பொம்பளை ஒருத்தி. வாசல்ல நிக்கா."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"அழப்போற மாதிரி... இல்லை இல்லை, சிரிச்சிட்டா."

சுடலையாண்டியும் சிரித்தார்.

ஆட்டோ போனபிறகு தவசிமுத்து அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"டிவிக்கு முன்னால நின்னவன் நான். நீங்க உள்ள இருந்தீங்க. அவரு பக்கத்துல ஒரு ஆளு இருந்து டிவி பாக்கும்னு உங்களுக்கு எப்படி டீச்சர் தெரிஞ்சுது?"

ஜுலைகா டார்ச்சை ஆணியில் மாட்டினாள்.

"அவரு தனியாத்தானே வந்தாரு அண்ணாச்சி. உக்காந்த பொறவு, பக்கத்துல காலியாக் கிடந்த இடத்தையில்லா தூசி தட்டிவிட்டாரு."