வளையத்துக்குள் போகாத மட்டை

முதலில் எங்கள் மைதானத்துக்கு வேலி போட்டார்கள். அடுத்து, கல்குவாரிப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடக்கூடாது என்றார்கள். பிறகு எங்கள் ஆட்டங்களை உச்சி வெயிலுக்குத் தள்ளினார்கள். கடைசியாக மட்டைக்கு வந்தார்கள்.

மாவட்ட பேஸ்பால் சங்கத் தலைவர் ராஜரத்தினம் போட்ட புது விதி இது: இரும்பு வளையத்துக்குள் நுழையாத மட்டையை அங்கேயே அறுத்துவிடுவார்கள். சொந்தக்காரர் பெயரை மைக்கில் வாசித்து ஓராண்டு விலக்கி வைப்பார்கள். எங்கள் சிறுமியர் அணிக்கு இருந்ததே ஒரு மட்டைதான். அதுவும் கொஞ்சம் பருமன்.

தொண்டர்கள் விழாவுக்கென்றே செய்து கொடுத்த சரிகை சுற்றிய மட்டையால் முதல் பந்தை அடித்துப் போட்டியைத் தொடங்கி வைத்த தலைவர், அதே கையோடு எங்களிடம் வந்தார். பின்னால் இரும்பு வளையமும் ரம்பமுமாக ஓர் ஆள்.

"எங்கே உன் மட்டை?"

கேப்டன் செல்லக்கிளி எங்கள் மட்டையை இறுக அணைத்துக்கொண்டாள். கண் மட்டும் சரிகை மட்டையிலேயே இருந்தது.

"பயமா இருக்குங்கய்யா. வளையத்துல எப்படி விடணும்னே தெரியல. உங்க மட்டைய விட்டுக் காட்டுங்க, பார்த்துக்கறோம்."

"இதுகூடத் தெரியாமலா ஆட வந்தீங்க?"

சிரித்தபடி நுழைத்தார். பாதியில் நின்றது. அழுத்தினார். நகரவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் நாளைக்குக் குவாரியில் வேலை இருக்காது. குவாரியும் அவருடையதுதான்.

செல்லக்கிளி, மைக் பிடித்திருந்த ஜெபமணி வாத்தியாரிடம் போனாள்.

"சார், விதிய வாசிச்சது நீங்கதானே? பேரையும் வாசிங்க."

வந்திருந்த பள்ளிகளும் எங்கள் தெருவும் வாத்தியாரையே பார்த்தன.

"விதியை மீறிய மட்டையின் சொந்தக்காரர்," ஒலிபெருக்கி கரகரத்தது, "வே. ராஜரத்தினம்."