காலியாக இருந்தால் திறக்காது

இந்தக் கதையை நான் பல வருஷமாக நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல முடியாது.

சொன்னவர் அருமைநாயகம் அண்ணாச்சி. தபால் ஆபீசில் எனக்கு மேலே இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். பொய் சொல்கிறவர் இல்லை. அதனாலேயே சந்தேகப்படுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் பாடம் கேட்கப் போனது தன்னைவிட முப்பது வயது இளைய ஒரு பெண்ணிடம். பெயர் ஜன்னத். ஐ.டி.ஐ.யில் கம்ப்யூட்டர் ரிப்பேர் சொல்லிக் கொடுப்பவர்.

"டீச்சர், எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல சிடி தட்டு வெளிய வர மாட்டேங்கு. எப்படிச் சரி பண்ணன்னு சொல்லித் தாங்க."

"கொண்டாங்க, பண்ணித் தாரேன்."

"இல்ல, நானே பண்ணணும்."

"எதுக்கு?"

அவர் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துக் காட்டினார். மஸ்கட்டிலிருந்து அவருடைய தம்பி அனுப்பியது. உறையில் 'அண்ணனுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, என் முகத்தில் முழிக்காதே என்று தம்பியைத் துரத்தியிருந்தார். இரண்டு வருஷம் கழித்து இந்த சிடி வந்தது. அது வந்த மறு மாதம், தம்பி இறந்துபோன செய்தி வந்தது.

"இன்னும் கேக்கலையா சார்?"

"தட்டு வர மாட்டேங்குல்லா."

"இந்தா, இங்க நல்ல டிரைவ் இருக்கு. போட்டுக் கேட்டிருவோம்."

"வேண்டாம். அவன் என்னத்தச் சொல்லியிருக்கானோ. எங்க வீட்ல வச்சு நான் மட்டும் கேக்கணும்."

டீச்சர் மேஜையிலிருந்த டிரைவைத் தொட்டுக் காட்டினார்.

"உள்ள ஒரு ரப்பர் பெல்ட் இருக்கும். தளர்ந்திருக்கும். கழட்டி வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் போடுங்க, இறுகும். தொடச்சு மாட்டுங்க."

அண்ணாச்சி வீட்டுக்கு வந்து அப்படியே செய்தார். இரண்டு நாள் தட்டு வந்தது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது.

டிரைவைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு டீச்சரிடம் போனார்.

"ரெண்டு நாள் வந்துச்சுன்னு சொல்லுதீங்க. அப்பவே போட்டிருக்கலாம்லா?"

"உறுதியாகட்டும்னு இருந்தேன்."

"சோதிக்கும்போது உள்ள சிடி ஏதும் இருந்துச்சா?"

"இல்ல, காலியா வச்சுத்தான் சோதிச்சேன். உள்ள போயி மாட்டிக்கிட்டா என்ன செய்ய? இருக்கது ஒண்ணே ஒண்ணு."

டீச்சர் டிரைவின் மூடியைக் கழற்றினார். அதன் அடியில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு காந்த வில்லை. அதை எடுத்து, சிடியைச் சுற்றவைக்கும் அச்சின் மேல் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"எடுங்க."

நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது.

பழைய பாட்டு சிடி ஒன்றை அச்சில் பொருத்தி, அதற்கு மேல் வில்லையை வைத்தார்.

"இப்ப எடுங்க."

ஒரு விரலில் வந்துவிட்டது.

"காலியா இருந்தா காந்தம் நேரா அச்சைப் பிடிச்சுக்கிடும். தளர்ந்த பெல்ட்டுக்கு அதைப் பிரிக்கத் தெம்பு கிடையாது. நடுவுல ஒண்ணு இருந்தா விட்டுரும்."

"அப்ப காலியா இருந்தா?"

"திறக்காது."

அண்ணாச்சி அந்தப் பாட்டு சிடியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பத்துத் தடவை போட்டார். பத்துத் தடவையும் தட்டு வந்தது.

ஒரு வாரம் கழித்து டீச்சருக்கு போன் செய்தார்.

"டீச்சர், உள்ள ஏதோ சத்தம் கேக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். டிரைவின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார்.

"என்ன சத்தம் சார்?"

"கிர்ருன்னு."

"சிடி சுத்துனா கிர்ருன்னுதான் கேக்கும். வேற?"

"லைட்டு விட்டு விட்டு எரியுது."

"அது அப்படித்தான் எரியும். வேற?"

அண்ணாச்சி யோசித்துப் பார்த்தார்.

"அவ்வளவுதான்."

டீச்சர் பொத்தானை அமுக்கினார். பாட்டு சிடியைத் தட்டிலிருந்து எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். எழுந்து வாசலுக்குப் போனார்.

"எங்க போறீங்க?"

"இங்கதான் நிக்கேன். யாரையும் உள்ள விட மாட்டேன்."

டீச்சர் கதவைச் சாத்தினார். தட்டு காலியாக நீட்டிக்கொண்டிருந்தது.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"பேப்பர் வாங்க வந்தேம்மா. சார் தூங்குதாங்களா?"

"இல்ல, வேலையா இருக்காங்க."

"இன்னைக்குப் பேப்பராச்சே."

"நாளைக்கு வாசிச்சாலும் அதேதான் போட்டிருப்பான். போயிட்டு வாங்க."

அண்ணாச்சி கதவைத் திறந்தபோது டீச்சர் வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தார். முந்தானை தலைமேல் இருந்தது.

"சரியாயிட்டா சார்?"

"சரியாயிட்டு டீச்சர். ஒரே அமுக்கு. வெளிய வந்துட்டு."

இந்த இடத்தில் அண்ணாச்சி கதையை நிறுத்திவிடுவார். ஒவ்வொரு தடவையும் இதே இடம்தான்.

நான் முதலில் காந்தத்தைச் சந்தேகப்பட்டேன். ரிப்பேர் கடையில் விசாரித்தேன். உண்மைதான் என்றார்கள். பிறகு டீச்சரைச் சந்தேகப்பட்டேன். ஐ.டி.ஐ.யில் அப்படி ஒருவர் இருந்தார். பிறகு சந்தேகப்பட எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

எனக்கும் தூத்துக்குடியில் ஒரு அண்ணன் இருக்கிறார். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஒன்பது வருஷமாகப் போகவில்லை.

போன மாதம் அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். கதையை மறுபடி சொன்னார். ஒரே அமுக்கு, வெளியே வந்துவிட்டது என்று முடித்தார்.

கடைசியில் கேட்டேவிட்டேன்.

"சிடி உள்ள போனதுக்கும் வெளிய வந்ததுக்கும் நடுவுல, தம்பி பேசுனதக் கேட்டீங்களா அண்ணாச்சி?"